கடத்தும் பிளாஸ்டிக், நிக்கல் பெயிண்ட், வெள்ளி கேஸ்கெட்: மின்காந்தக் கவசத்துக்கு எதை வாங்கலாம்?

பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு ரேடியோ இரைச்சலை வெளியே விடக்கூடாது. வெளியே இருக்கும் இரைச்சலும் உள்ளே புகக்கூடாது. உலோகப் பெட்டிக்கு மாறாமலே இந்த வேலையைச் செய்து தர மூன்று வகைப் பொருள்கள் விற்கின்றன: உலோக இழையோ கார்பனோ கலந்த மோல்டிங் குருணை (உருக்கி அச்சில் செலுத்திப் பெட்டியாக்கும் பிளாஸ்டிக் மணிகள்), பெட்டியின் உட்புறம் அடிக்கும் கடத்தும் பெயிண்ட், மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே வைக்கும் கடத்தும் ரப்பர் கேஸ்கெட். மூன்றிலும் நடப்பது ஒன்றுதான். மின்சாரம் கடத்தாத பாலிமருக்குள் கடத்தும் துகள்கள், ஒன்றையொன்று தொட்டுச் சங்கிலியாகும் அளவுக்குச் சேர்க்கப்படுகின்றன. அந்தச் சங்கிலி எங்கே அறுகிறது என்பதைப் பொறுத்தே மூன்றும் வேறுபடுகின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சில நூறு பெட்டிகள் வரை பெயிண்ட் போதும். பல்லாயிரம் என்றால் ஸ்டீல் இழை கலந்த பிளாஸ்டிக் நல்ல பொருள், ஆனால் அச்சையே அதற்கென்று வடிவமைத்தால் மட்டும். எதை எடுத்தாலும் கவசம் தோற்பது பெரும்பாலும் மூடி சேரும் விளிம்பில்தான். அதனால் கேஸ்கெட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

டேட்டாஷீட்டில் இருக்கும் டெசிபல்

கவசம் எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் அலகு டெசிபல். 20 டெசிபல் என்றால் வந்த ஆற்றலில் 99 சதவீதம் தடுக்கப்பட்டது. 30 என்றால் 99.9 சதவீதம், 60 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் தாண்டிப் போகிறது. மெல்லிய கடத்தும் படலத்துக்கு இந்த எண்ணைக் கையாலேயே கணக்கிடலாம். 188.5ஐப் படலத்தின் சதுர மின்தடையால் (படலத்தில் ஒரு சதுரத்தின் எதிரெதிர் விளிம்புகளுக்கு நடுவே உள்ள தடை) வகுத்து, ஒன்றைக் கூட்டி, அதன் பத்தடி மடக்கையை 20ஆல் பெருக்கினால் போதும். சதுரத்துக்கு 100 ஓம் என்றால் 9 டெசிபல். 10 ஓம் என்றால் 26. ஒரு ஓம் என்றால் ஏறத்தாழ 46. 0.1 ஓம் என்றால் 65. இது தொலைவிலிருந்து வரும் அலைக்கான கணக்கு. படலம் ஊடுருவு ஆழத்தைவிட (அலை பெருமளவு வலுவிழக்கும் முன் கடத்திக்குள் செல்லும் ஆழம்) மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதும் இதன் நிபந்தனை. சப்ளையர் சொல்லும் டெசிபலும் அவரே தரும் மின்தடையும் இந்தக் கணக்கில் பொருந்தாவிட்டால் கேள்வி கேளுங்கள்.

பெரும்பாலான டேட்டாஷீட் எண்கள் ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் டி4935 முறையில் எடுக்கப்பட்டவை. கோஆக்சியல் பிடிப்பானுக்குள் ஒரு தட்டையான வட்ட மாதிரியை வைத்து 30 மெகாஹெர்ட்ஸ் முதல் 1.5 கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் முறை அது. அந்த மாதிரியில் மூடி, ஸ்க்ரூ, டிஸ்ப்ளே ஜன்னல், கேபிள் துளை எதுவும் கிடையாது. பெட்டியில் எல்லாம் உண்டு. ஒரு கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 300 மி.மீ. இரண்டு ஸ்க்ரூக்களுக்கு நடுவே மூடி 50 மி.மீ. நீளத்துக்குத் தொடாமல் நின்றால் அந்தக் கீற்று தரும் கவசம் 10 டெசிபலுக்கும் குறைவு. 15 மி.மீ. என்றால் 20 டெசிபல். கீற்றின் அகலம் தலைமுடி அளவே இருந்தாலும் நிலைமை பெரிதாக மாறாது, நீளம்தான் கணக்கு. 60 டெசிபல் பிளாஸ்டிக்கில் செய்த பெட்டி 12 டெசிபல் காட்டுவதற்கு இதுவே வழக்கமான காரணம். முழுப் பெட்டிக்கான எண் வேண்டுமென்றால் கேட்க வேண்டியது வேறு முறை: 0.1 முதல் 2 மீட்டர் வரையுள்ள பெட்டிகளுக்கு ஐஇஇஇ 299.1, அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஐஇஇஇ 299.

ஸ்டீல் இழை கலந்த பிளாஸ்டிக்

சாபிக் நிறுவனத்தின் எல்என்பி ஃபாரடெக்ஸ் இந்த வகையில் பரவலாகத் தெரிந்த தயார்க் கலவை. பெகார்ட்டின் பெகி-ஷீல்டு, மோல்டர் தானே பிசினோடு கலந்துகொள்ளும் இழைக் குருணை. இரண்டிலும் வேலை செய்வது துருப்பிடிக்காத ஸ்டீல் இழைதான். இதற்குப் பொதுவாகப் பயன்படும் இழை 8 மைக்ரான் தடிமன், சில மி.மீ. நீளம். 5 மி.மீ. நீள இழையில் நீளத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம் 600ஐத் தாண்டும். அதனால்தான் மிகக் குறைந்த அளவிலேயே சங்கிலி அமைந்துவிடுகிறது. பாலிகார்பனேட்-ஏபிஎஸ் கலவையில் எடையில் 10 சதவீதம் சேர்த்தால் கன அளவில் அது ஏறத்தாழ 1.6 சதவீதம்தான். பிளாஸ்டிக்கின் சுருக்கமும் மோதல் வலிமையும் அதிகம் மாறாமல் இருக்கின்றன, வெளிர் நிறம்கூடக் கொடுக்கலாம். கார்பன் கலந்தவற்றில் கறுப்பைத் தவிர வேறு நிறத்துக்கு வழியில்லை. 3 மி.மீ. சுவரில் 30 முதல் 50 டெசிபல் வரை எதிர்பார்ப்பது நியாயம்.

இந்தப் பொருளின் பலவீனமும் அதே நீளத்தில்தான் இருக்கிறது. 5 மி.மீ. இழை மோல்டிங்கின்போது அரை மி.மீ. துண்டுகளாக ஒடிந்தால் விகிதம் 60 ஆகிவிடும், 10 சதவீதத்தில் சங்கிலி அமையாது. பார்வைக்குப் பாகம் அப்படியே இருக்கும், எடையும் சரியாக இருக்கும், கவசம் மட்டும் இருக்காது. ஆகவே மெஷின் செட்டிங்கில் உராய்வைக் குறைப்பதே முதல் வேலை. குருணையை உருக்கித் தள்ளும் ஸ்க்ரூவின் வேகமும் பேக் பிரஷரும் (அந்த ஸ்க்ரூ பின்வாங்கும்போது எதிராகத் தரும் அழுத்தம்) குருணை சீராக உருகப் போதுமான குறைந்தபட்சத்தில் இருக்கட்டும். மிக்ஸிங் ஹெட் வைத்த ஸ்க்ரூவும் ஷட்-ஆஃப் நாசிலும் கூடாது. உருகு வெப்பநிலையைப் பிசினுக்கு அனுமதித்த எல்லையின் மேல்பக்கம் வைத்தால் குழம்பு இளகி, இழை குறைவாக ஒடியும். குழம்பு அச்சுக்குள் நுழையும் வாயே கேட்: ஊசிமுனை கேட் வேண்டாம், அகலமான எட்ஜ் கேட் வைக்கவும். கேட்டுக்குக் குழம்பைக் கொண்டுவரும் ரன்னரில் கூர்மையான திருப்பம் கூடாது. குழம்பை அச்சுக்குள் செலுத்தும் வேகம் மிதமாக இருக்கட்டும். ஆனால் பேக் பிரஷரை அடியோடு குறைத்தால் இழைக் கட்டுகள் பிரியாமல் கொத்துக் கொத்தாக நின்றுவிடும், அந்தக் கொத்துகளுக்கு நடுவே கவசமில்லாத தீவுகள் உருவாகும். சரியான இடத்தைப் பிடிக்க ஒரே வழி, ஒரு பாகத்தை உலையில் எரித்து மிஞ்சும் இழையின் நீளத்தை நுண்ணோக்கியில் பார்ப்பது. எக்ஸ்ரே படம் எடுத்தால் கொத்துகளும் வெற்றிடங்களும் பாகத்தைச் சிதைக்காமலே தெரிந்துவிடும்.

உலர்த்துவதைத் தவிர்க்கவே கூடாது. பாலிகார்பனேட்-ஏபிஎஸ்ஸுக்கு 80 முதல் 100 டிகிரி செல்சியஸில் 3 முதல் 4 மணி நேரம் வேண்டும். அரைத்த கழிவை மறுபடி சேர்க்கும் பழக்கத்தை இந்தப் பொருளில் விட்டுவிட வேண்டும். அரவை மெஷினில் போன இழை நீளமாகத் திரும்பி வராது.

வெல்டு லைனையும் கவனிக்க வேண்டும். இரண்டு குழம்பு முனைகள் சந்திக்கும் கோட்டில் இழைகள் கோட்டுக்கு இணையாகப் படுத்துவிடுகின்றன, கோட்டைக் குறுக்கே கடந்து செல்லும் இழை குறைவு. மின்சாரத்துக்கு அது ஒரு வெட்டு, மேலே பார்த்த கீற்றைப் போலவே அது கசியும். துளைகளுக்குப் பின்னால் வரும் வெல்டு லைனை கேட் இடத்தை மாற்றி, பெட்டியின் ஓரத்துக்கோ உலோகச் சட்டம் வரும் இடத்துக்கோ தள்ளுங்கள். கேட்டுக்கு அருகிலும் குழம்பு கடைசியாகச் சென்று சேரும் மூலையிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒரே பாகத்தில் இரண்டு எண் வருவது இயல்பு, டேட்டாஷீட்டில் இருப்பது நல்ல எண்.

அடுத்தது தோல். அச்சைத் தொடும் மேற்பரப்பில் பிசின் மட்டும் உறைந்து ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகிறது. உள்ளே கடத்தும் பிளாஸ்டிக், வெளியே கடத்தாத தோல். இரண்டு பாதிகளைச் சேர்த்தால் தோலும் தோலும் தொடுமே ஒழிய இழையும் இழையும் தொடாது. மல்டிமீட்டர் முனையை மேலே வைத்து ஒன்றும் காட்டவில்லை என்று பொருளைத் திருப்பி அனுப்புவோர் உண்டு. அது தவறான சோதனை. இரண்டு இடத்தில் சுயமாகத் துளைக்கும் ஸ்க்ரூவை இறக்கி நடுவே அளக்க வேண்டும். பெட்டியில், சேரும் விளிம்பைச் சீவியோ, மணல் வீசித் தேய்த்தோ, விளிம்புக்கு மட்டும் கடத்தும் பெயிண்ட் அடித்தோ தோலைத் தாண்ட வேண்டும். இந்தக் கூடுதல் வேலையின் செலவைச் சேர்க்காமல் பெயிண்டோடு விலையை ஒப்பிட்டால் கணக்கு தவறிப்போகும்.

நிக்கல் பூசிய கார்பன் இழை இதைவிட அதிக டெசிபல் தரும், பாகத்தை விறைப்பாக்கவும் செய்யும். மோதல் தாங்கும் தன்மை குறைவதும் நிறம் கறுப்பாகவே இருப்பதும் அதற்கான விலை. கார்பன் பிளாக் கலந்த மலிவான கறுப்புக் குருணை நிலைமின்னைக் கசியவிடுவதற்கான பொருள். சதுரத்துக்கு ஆயிரம் ஓமுக்கு மேல் இருக்கும் ஒன்றைக் கவசம் என்று விற்றால் வாங்காதீர்கள், மேலே உள்ள கணக்கில் அது இரண்டு டெசிபலைக்கூடத் தொடாது.

பெயிண்ட்

அக்ரிலிக் பிசினில் நிக்கல் துகள், அல்லது வெள்ளி பூசிய செம்புத் துகள். நிக்கல் 50 மைக்ரான் உலர் தடிமனில் சதுரத்துக்கு ஒரு ஓம் அளவில் இருக்கும். வெள்ளி பூசிய செம்பு பாதித் தடிமனிலேயே அதைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். வெறும் செம்புத் துகள் போட்ட பெயிண்ட் ஆக்சைடு ஏறி மாதங்களில் தடை கூடிவிடுவதால்தான் வெள்ளிப் பூச்சு. சாதாரண அலுவலகச் சாதனத்துக்கு நிக்கல் போதும். கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் வேலை செய்யும் ரேடியோ பகுதிகளுக்கு வெள்ளி-செம்புதான் என் தேர்வு.

அடிப்பதில் தோற்க வழிகள் பல. உலோகத் துகள் கனமானது, டப்பாவின் அடியில் படிந்துவிடும். அடியைச் சுரண்டிக் கலக்கி, அடிக்கும்போதும் கோப்பையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் பெட்டிக்கு உலோகமும் கடைசிப் பெட்டிக்குப் பிசினும் போகும். ஸ்ப்ரே கன்னைத் தூரத்தில் பிடித்தால் துளி காற்றிலேயே காய்ந்து தூளாக விழும். விரலில் ஒட்டும் சாம்பல் நிறப் பொடி இதன் அடையாளம், அங்கே தடை பத்து மடங்கு ஏறியிருக்கும். ஒரேயடியாகத் தடிமனாக அடித்தால் மூலையில் வெடிக்கும். இரண்டு மூன்று மெல்லிய ஈரப் பூச்சுகளாக, ஒவ்வொன்றையும் குறுக்கு மறுக்காக அடிப்பதே சரி. பெட்டியின் உட்புறத்தில் உறுதிக்காக நிற்கும் விலாப்பட்டைகளின் அடியும் ஸ்க்ரூ தூண்களின் நிழலும் எப்போதும் விட்டுப்போகும் இடங்கள்.

ஏபிஎஸ் இந்தப் பெயிண்ட்டை நன்றாகப் பிடிக்கும், ஐசோபுரோபனால் துடைப்பு போதும். பாலிகார்பனேட்டில் வலுவான கரைப்பான் பட்டால், அச்சில் உறைந்த இழுவிசை இருக்கும் மூலைகளில் முடிக்கீறல் விழும். நீர் அடிப்படையிலான வகையைக் கேளுங்கள். பாலிபுரோப்பிலீன், பாலிஎத்திலீன் மீது பிளாஸ்மாவோ தீச்சுடரோ பிரைமரோ இல்லாமல் எதுவும் நிற்காது. ஒட்டுதலைச் சோதிக்க ஏஎஸ்டிஎம் டி3359 கட்டக் கீறல் போதும். உரிந்து விழும் உலோகச் செதில் போர்டில் ஷார்ட் உண்டாக்கும் என்பதால் இது அழகுப் பிரச்சினை அல்ல. மின் இணைப்புப் பகுதிக்கு அருகே பெயிண்ட் ஊர்வு இடைவெளியை (மின்சாரம் மேற்பரப்பு வழியே தாண்டாமலிருக்க விட வேண்டிய தூரம்) குறைத்துவிடும், அங்கே மாஸ்கிங் கட்டாயம்.

அளக்க, ஒரே நீளமுள்ள இரண்டு தட்டையான உலோகப் பட்டைகளை அவற்றின் நீளத்துக்குச் சமமான இடைவெளியில் அழுத்தி, கம்பிகளின் தடையைச் சேர்க்காமல் அளக்கும் நான்கு கம்பி மீட்டரில் படியுங்கள். கிடைப்பது நேரடியாகச் சதுர மின்தடை. சாதாரண மல்டிமீட்டரின் கம்பிகளே சில பத்தில் ஒரு பங்கு ஓம் காட்டும், வெள்ளி-செம்புப் பெயிண்டை அதில் அளப்பதில் பொருளில்லை.

கேஸ்கெட்

இங்கே பார்க்கர் கோமெரிக்ஸ் நிறுவனத்தின் சோ-சீல் வரிசையை அளவுகோலாக வைக்கலாம். மற்றவர்களும் அமெரிக்க ராணுவத்தின் எம்ஐஎல்-டிடிஎல்-83528 தரத்தின் வகைப் பெயரைச் சொல்லி விற்பதால் ஒப்பிடுவது எளிது. சிலிக்கோனில் வெள்ளி பூசிய செம்பு ஏ வகை, தடைமை (பொருளின் மின்தடைப் பண்பு, குறைந்தால் நல்லது) அதிகபட்சம் 0.004 ஓம்-செ.மீ. வெள்ளி பூசிய அலுமினியம் பி வகை, 0.008. நிக்கல் பூசிய கிராஃபைட் போட்டவை 0.1 அளவில் நிற்கும், விலையும் குறைவு. எண்ணைப் பார்த்ததும் ஏ வகைதான் சிறந்தது என்று தோன்றும். உலர்ந்த அறைக்குள் அது உண்மை. அலுமினியப் பெட்டியில் வைத்து உப்புக் காற்றில் விட்டால் செம்பும் அலுமினியமும் மின்கலம்போல ஒன்றையொன்று தின்று, விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்து, தொடர்புத் தடை எகிறிவிடும். வெளியில் வைக்கும் அலுமினியப் பெட்டிக்கு பி வகையே சரி. எரிபொருளும் எண்ணெயும் படும் இடத்துக்கு ஃபுளோரோசிலிக்கோன் அடிப்படையிலான டி வகை. உள்ளரங்க வணிகச் சாதனத்துக்கு நிக்கல்-கிராஃபைட்டே போதும். அதன் கரடான துகள் எதிர்ப்பக்க ஆக்சைடு படலத்தைக் கீறித் தொடர்பை உண்டாக்குகிறது, அது உண்மையான நன்மை.

கேஸ்கெட் எவ்வளவு நல்லதானாலும் அனோடைஸ் செய்த (மேற்பரப்பில் ஆக்சைடு படலம் வளர்த்த) அலுமினியத்தின் மேல் வைத்தால் பயனில்லை, அனோடைஸ் படலம் முழுக் காப்பு. விளிம்பை மாஸ்க் செய்து கடத்தும் வேதிமாற்றப் பூச்சு கொடுக்க வேண்டும். கேஸ்கெட்டைப் பிடித்து நிறுத்தச் சாதாரண சிலிக்கோன் பசையை அடியில் தடவுவதும் இதே தவறு.

அமுக்கும் அளவில் கஞ்சத்தனமும் ஆகாது, அத்துமீறலும் ஆகாது. திண்ம வட்டக் கயிற்றுக்கு விட்டத்தில் 10 முதல் 25 சதவீதம், டி வடிவத்துக்கு 8 முதல் 20, தட்டைப் பட்டைக்கு 5 முதல் 10. ரப்பர் வடிவம் மாறும், கன அளவு மாறாது. அதனால் பள்ளத்தைக் கேஸ்கெட்டின் கன அளவைவிடச் சற்றுப் பெரிதாக, அளவுப் பிழைகளையும் சேர்த்துக் கணக்கிட்டு வெட்ட வேண்டும். மூடி ஓரளவுக்கு மேல் இறங்காமல் தடுக்கும் அமுக்க நிறுத்தி இல்லாவிட்டால் ஸ்க்ரூவை முறுக்குபவர் கை பலம்தான் அளவாகிவிடும். அதிகம் நசுங்கிய கேஸ்கெட் நிரந்தரமாகத் தட்டையாகி, அடுத்த முறை மூடியைத் திறந்து மூடும்போது தொடாது. மெல்லிய பிளாஸ்டிக் மூடிக்கு 65 ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தைச் சொல்லும் அளவுகோல்) கடினமுள்ள திண்மக் கயிறு வேண்டாம், ஸ்க்ரூக்களுக்கு நடுவே மூடி வில்போல வளைந்து, அடைக்க வந்த கேஸ்கெட்டே கீற்றைத் திறந்துவிடும். உள்ளீடற்ற டி வடிவமோ மென்மையான வகையோ எடுங்கள். பள்ளத்தில் வைக்கும்போது இழுத்து வைக்காதீர்கள். இழுத்த இடத்தில் துகள்கள் விலகித் தடை கூடும்.

ஆய்வகத்திலிருந்து வருபவை

டைட்டானியம் கார்பைடு மெக்ஸீன் (சில அணு அடுக்குத் தடிமனே உள்ள கடத்தும் தாள்கள்) படலம் 45 மைக்ரானில் 92 டெசிபல் தந்ததாக 2016இல் சயின்ஸ் இதழில் வந்தது. தடிமனைப் பார்த்தால் அசரவைக்கும் எண். ஈரக் காற்றில் ஆக்சைடாகும் குணத்துக்கு நல்ல தீர்வு வராமல் இது பெட்டிக்கு வராது. கடத்தும் பாலிமர்களுக்காக ஹீகர், மக்டயார்மிட், ஷிரகாவா மூவருக்கும் 2000இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்தக் குடும்பத்தின் பாலிஅனிலீன் காரம் பட்டால் கடத்துதிறனை இழப்பதால், தனியாக நின்று கவசமாக என்னால் பரிந்துரைக்க முடியாது.

இந்தக் கட்டுரைகளிலிருந்து விளம்பரத்துக்கு வந்துவிட்ட ஒரு வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும்: “மொத்தம் 35 டெசிபல், அதில் உறிஞ்சல் 25, பிரதிபலிப்பு 10, ஆகவே இது உறிஞ்சும் பொருள்.” தவறு. பிரதிபலிப்பில் 10 டெசிபல் என்றாலே வந்த ஆற்றலில் 90 சதவீதம் திரும்பிப் போய்விட்டது. 25 டெசிபல் உறிஞ்சல், உள்ளே நுழைந்த மிச்சம் 10 சதவீதத்தின் மேல் நடப்பது. பெட்டிக்குள் இரைச்சல் எதிரொலித்துப் பக்கத்துச் சர்க்யூட்டைக் கெடுக்கிறது என்பது உங்கள் பிரச்சினையானால், கேட்க வேண்டியது சதவீதத்தில் உறிஞ்சப்பட்ட ஆற்றலை.

பவர் சப்ளை, மோட்டார் டிரைவ் ஆகியவற்றின் கிலோஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு இந்த மூன்று வகையும் உதவாது. காந்த ஊடுருவுதிறன் இல்லாத மெல்லிய கடத்தும் படலம் அங்கே ஏறத்தாழ வெறும் காற்று. ஸ்டீல் தகடோ, காந்தப்புலத்தை எளிதில் தன்னுள் இழுத்துக்கொள்ளும் நிக்கல்-இரும்புக் கலவையான மியூ-மெட்டலோதான் வேண்டும். மற்ற இடங்களுக்கு ஆர்டர் போடும் முன் சப்ளையரிடம் நான்கு விவரம் கேளுங்கள்: எந்தத் தடிமனில், எந்த அதிர்வெண்ணில், எந்த முறையில் அளந்தது, வெப்பமும் ஈரமும் காட்டி மூப்பாக்கிய பிறகு தொடர்புத் தடை எவ்வளவு. கடைசி விவரத்தைத் தராதவரிடம் மாதிரி மட்டும் வாங்கி, உங்கள் மூடியோடு இறுக்கி, 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் வைத்து, ஸ்க்ரூவைத் தளர்த்தாமல் மறுபடி அளந்த பிறகே மொத்தமாக எடுங்கள்.